ஒழுகும் கூரையும் உயரும் வாடகையும்

இடவப்பாதி மழை தொடங்கச் சில நாட்களே இருக்கும் வேளை. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் உதியன்குளங்கரையிலும் அதன் அக்கம்பக்கத்து ஊர்களிலும் வாடகை வீட்டு வாசல்களில் ஒரே வகையான பேச்சைக் கேட்கலாம். குடியிருப்பவர் கட்டடத் தொழிலாளியாக இருக்கலாம். கடைச் சிப்பந்தியாகவோ, தையல் எந்திரத்தை நம்பி வாழும் பெண்ணாகவோ இருக்கலாம். பேச்சின் வடிவம் மாறுவதில்லை.

“அண்ணாச்சி, போன மழைக்கே அடுக்களையில நிக்க முடியல்ல. இந்த வருசமாவது முகட்டு ஓட்ட மாத்தித் தரணும்.”

“மாத்தலாம், கேட்டியா. ஓடு, மரம், ஆசாரிக் கூலி எல்லாம் கூடிப் போச்சு. மாசம் ஐந்நூறு ரூவா கூட்டித் தந்தா இந்த வாரமே ஆள விடுதேன்.”

“கூட்டித் தர இப்பம் வழியில்லியே, அண்ணாச்சி.”

“அப்பம் அக்ரிமெண்டு தீருத மாசம் பாப்போம்.”

இவ்வளவுதான். இதில் வசை இல்லை, மிரட்டல் இல்லை, மறுப்புக்கூட இல்லை. ஆயினும் கடைசி வாக்கியத்தின் பொருள் இருவருக்கும் தெரியும். குடியிருப்பவர் தம் செலவில் ஒரு தார்ப்பாய் வாங்கிக் கூரைமேல் விரித்துவிட்டு, அடுத்த பதினொரு மாத ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் வரை வாய் திறவாமல் இருந்துவிடுகிறார். கூரை ஒழுகுவது நிற்கவில்லை. அதைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது.

வாடகைப் பிரச்சினையைப் பெரும்பாலும் தொகையின் பிரச்சினையாகவே நாம் பார்த்து வருகிறோம். மேற்கண்ட உரையாடல் வேறொன்றை உணர்த்துகிறது. வாடகை எவ்வளவு, பழுதை யார் நீக்குவது, எவ்வளவு காலம் குடியிருக்கலாம் ஆகிய மூன்றும் தனித்தனிக் கேள்விகள் அல்ல. மூன்றாவது கேள்விக்கு விடை உறுதியாக இல்லாதவரிடம் முதல் இரண்டைப் பற்றிப் பேரம் பேசும் வலிமை இருக்காது. தங்கும் உரிமை இல்லாதவருக்குப் பழுது நீக்கம் கோரும் உரிமையைச் சட்டம் எழுதிக் கொடுத்தாலும் அது ஏட்டளவில் நின்றுவிடும். இக்கட்டுரையின் வாதம் இதுவே.

இந்த உண்மையை இந்தியாவிலேயே தெளிவாகக் கண்டுகொண்ட சட்டம் ஒன்று இதே கேரள மண்ணில் பிறந்தது. அது குடிகிடப்புச் சட்டம்.

‘குடிகிடப்பு’ என்னும் மலையாளச் சொல்லைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டு வாடகையைக் ‘குடிக்கூலி’ என்று வழங்கிய மொழி நம்முடையது. குடியானவன், குடியிருப்பு, குடிக்கூலி என்னும் சொற்களில் உள்ள அதே ‘குடி’தான் இதிலும் உள்ளது. பிறர் நிலத்தில் குடிசை கட்டிக்கொள்ள அனுமதி பெற்றவர், அல்லது பிறருக்குச் சொந்தமான குடிசையில் குடியிருக்க அனுமதி பெற்றவர், குடிகிடப்புக்காரர். அனுமதி என்பது மரியாதையான சொல். நடைமுறையில், நிலவுடைமையாளரின் வயலிலும் தோப்பிலும் உழைப்பதற்காக அருகிலேயே நிறுத்திவைக்கப்பட்ட குடும்பங்கள் இவை. அவற்றில் பெருந்தொகையினர் தலித் மக்கள். கூலி உயர்த்திக் கேட்டாலோ, ஊர்வலத்தில் நடந்தாலோ குடிசையைப் பிரித்துப் போடச் சொல்லலாம். வேலையும் வீடும் ஒரே கையில் இருந்ததால் ஒன்றைக் கேட்பவர் மற்றொன்றையும் இழக்க நேரிட்டது.

1957 ஏப்ரல் 5 அன்று பதவியேற்ற இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையிலான கம்யூனிஸ்ட் அமைச்சரவை, ஆறே நாட்களில், ஏப்ரல் 11 அன்று வெளியேற்றங்களைத் தடுத்து நிறுத்தும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. அந்த வரிசைமுறை கவனத்திற்குரியது. நிலம் யாருக்கு, உச்சவரம்பு எவ்வளவு, இழப்பீடு எவ்வளவு என்பன பிற்பாடு விவாதிக்கப்பட வேண்டியவை. விவாதம் நடக்கும்வரை யாரும் வெளியேற்றப்படக் கூடாது என்பதே முதல் ஆணை. வெளியேற்றும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவருடன் சமமான பேச்சுவார்த்தை நடத்த முடியாது என்னும் அறிதல் அதில் இருந்தது.

அந்த அமைச்சரவை 1959 ஜூலை 31 அன்று கலைக்கப்பட்டதும், அது கொண்டுவந்த விவசாய உறவுகள் சட்டம் நீதிமன்றத்தில் அடிபட்டதும், 1963-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் 1969-இல் இ.எம்.எஸ். தலைமையிலான இரண்டாவது அமைச்சரவைக் காலத்தில் திருத்தப்பட்டதும் தோழர்கள் அறிந்த வரலாறு. திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு இரு வாரங்களுக்கு முன், 1969 டிசம்பர் 14 அன்று, ஆலப்புழை மாவட்டம் அறவுக்காட்டில் திரண்ட விவசாயிகளும் தொழிலாளர்களும், அரசு செயல்படுத்தத் தயங்கினாலும் தாங்களே இச்சட்டத்தைச் செயல்படுத்துவோம் என்று அறிவித்தனர். பல்லாயிரம் குடிகிடப்புக்காரர்கள் தம் குடிசையைச் சுற்றி வேலி கட்டினர்.

குடிசையும் சுற்றியுள்ள நிலமும் அவர்களுக்கு விலைக்குக் கிடைத்தன. ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரத்திலும் பெரிய நகராட்சியிலும் 3 சென்ட் என்பது அளவு. விலை, சந்தை மதிப்பில் கால் பங்கு. அதிலும் பாதியை அரசு நிதி ஏற்றது. இரண்டரை லட்சத்திற்கும் மேற்பட்ட குடும்பங்கள் இவ்வழியே தம் காலடி நிலத்திற்கு உரிமை பெற்றன.

இந்த 10 சென்ட் பற்றி நிறையப் பேசப்பட்டுள்ளது. அதே சட்டத்திலுள்ள வேறொரு விதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. குடிகிடப்புக்காரர் தம் குடிசையைப் பேணவும், பழுதுபார்க்கவும், அடித்தளப் பரப்பைக் கூட்டாமல் அதே பொருளாலோ வேறு பொருளாலோ திருப்பிக் கட்டவும் உரிமை உடையவர் என்று சட்டம் கூறியது. இன்று இது சாதாரணமாகத் தோன்றும். ஓலை மாற்றுவதற்கும் மண்சுவருக்குப் பதில் கல் வைப்பதற்கும் ஜன்மியின் இசைவுக்குக் காத்திருந்தவர்களுக்கு அது சாதாரணமானது அன்று. உறுதியான சுவர் எழும்பினால் குடியிருப்பவரின் உரிமையும் உறுதிப்பட்டுவிடும் என்று உடைமையாளர் அஞ்சினார். பழுதுபார்க்கும் உரிமையும் தங்கும் உரிமையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதைச் சட்டம் இயற்றியவர்களும் அறிந்திருந்தனர். எனவே இரண்டையும் ஒருங்கே வழங்கினர்.

ஆனால் இந்தச் சட்டம் வாடகை வீட்டின் வாசற்படியில் நின்றுவிட்டது. கட்டடங்களை மட்டும் வாடகைக்கு விடுவது நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் விதிவிலக்குகளில் ஒன்று. அன்றைய கேரளத்தின் முதன்மை முரண்பாடு நிலத்தில் இருந்தது என்பதால் அதனைக் குறை சொல்வதற்கில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின் நிலைமை மாறிவிட்டது. 1972-இல் எம்.என். கோவிந்தன் நாயர் முன்னெடுத்த ‘லட்சம் வீடு’ திட்டமும், அண்மை ஆண்டுகளில் 4 லட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்த ‘லைஃப்’ திட்டமும் சொந்த வீடு இல்லாதவர்களின் தொகையை வெகுவாகக் குறைத்துள்ளன. எஞ்சியிருப்போரில் வேலை தேடி ஊர்விட்டு ஊர் வருபவர்களும், குடும்பச் சொத்தில் பங்கு கிடைக்காத பெண்களும், கடனுக்காக வீட்டை விற்றவர்களும் உள்ளனர். இவர்கள் வாழ்வது வாடகை வீட்டில், அல்லது ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து ஒத்திக்கு எடுத்த வீட்டில்.

இவர்களுக்கான சட்டம், கேரளக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், 1965. அதில் நல்ல விதிகள் பல உள்ளன. வரையறுக்கப்பட்ட காரணங்கள் இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. தண்ணீர், மின்சாரம் போன்ற வசதிகளைத் தக்க காரணமின்றி நிறுத்தக் கூடாது. கொடுத்த வாடகைக்கு ரசீது கேட்டுப் பெறலாம். பழுதைப் பற்றி உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுத்தும் அவர் நியாயமான காலத்திற்குள் சரிசெய்யாவிடில், அதற்கென உள்ள அதிகாரியிடம் விண்ணப்பித்து, அவர் உத்தரவின்பேரில் குடியிருப்பவரே வேலையை முடித்துச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளவும் அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு வழி செய்கிறது.

இவ்வளவு இருந்தும் உதியன்குளங்கரை வாசலில் அந்த உரையாடல் ஏன் மாறவில்லை? மூன்று காரணங்கள் கூறலாம்.

முதலாவது, இச்சட்டம் தானாகவே எல்லா ஊர்களுக்கும் பொருந்துவதில்லை. அரசு அறிவித்த பகுதிகளுக்கே பொருந்தும். அறிவிக்கப்படாத ஊரில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே ஆளுகை செய்கிறது. அந்த ஆங்கிலேயர் காலச் சட்டமும், உரிமையாளர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுது நீக்கத்தைச் செய்யத் தவறினால் குடியிருப்பவர் தாமே செய்து, செலவை வட்டியுடன் வாடகையில் கழிக்கலாம் என்கிறது. ஆனால் எந்தப் பழுது உரிமையாளரின் கடமை என்பதைப் பெரிதும் ஒப்பந்தத்திற்கே விட்டுவிடுகிறது. மாத வாடகைக்குக் குடியிருப்பவரைப் பதினைந்து நாள் அறிவிப்பில் வெளியேறச் சொல்லலாம் என்றும் அதே சட்டம் கூறுகிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது.

இரண்டாவது, பதினொரு மாத ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பதிவுச் செலவைத் தவிர்க்கக் கண்டுபிடித்த உத்தி, நாளடைவில் குடியிருப்பவரின் தலைமேல் தொங்கும் கத்தியாகிவிட்டது. சட்டப்படி வெளியேற்ற முடியாத இடத்திலும், ஒப்பந்தம் முடிந்ததும் போய்விட வேண்டும் என்று இரு தரப்பினரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையே வெளியேற்றும் வேலையைச் செய்துவிடுகிறது. எல்லையோர ஊர்களில் இதற்கு மொழியின் கனமும் சேர்கிறது. அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அங்குள்ள தமிழ்க் குடும்பத்திற்கும், விளவங்கோட்டிலிருந்து பிழைப்புக்காக வந்து தங்கும் குடும்பத்திற்கும் மலையாளம் பேச வரும். முத்திரைத்தாளில் எழுதப்பட்ட சட்ட மலையாளத்தைப் படிக்கப் பலருக்கு வராது. பழுது யார் பொறுப்பு என்று ஆறாவது பத்தியில் எழுதியிருப்பதை அறியாமலே கையெழுத்து விழுகிறது.

மூன்றாவது காரணமே மிகவும் கொடியது. பழுதடைந்த கட்டடத்தை இடித்துக் கட்ட உரிமையாளருக்கு உண்மையான தேவை இருந்தால், அது வெளியேற்றத்திற்கு ஏற்கத்தக்க காரணம். புதிய கட்டடத்தில் பழைய குடியிருப்பாளருக்கு முன்னுரிமை உண்டு என்று கேரளச் சட்டம் சொல்வது உண்மைதான். கட்டி முடியும்வரை வேறிடத்தில் வாழ்ந்து, பின்னர் புதிய வாடகைக்குத் திரும்பி வரும் வல்லமை எத்தனை கூலித் தொழிலாளிகளுக்கு இருக்கும்? ஆகவே கூரையைக் கவனியாமல் விடுவதே உரிமையாளருக்கு இலாபமாகிவிடுகிறது. இன்று மாற்றாத ஓடு நாளை கைமரத்தை இற்றுப்போகச் செய்யும். இற்ற கைமரம் சுவரைச் சாய்க்கும். சாய்ந்த சுவர் குடியிருப்பவரை வெளியேற்றும். தம் கடமையைச் செய்யாதவருக்கு அந்தத் தவறே ஆதாயமாக முடிகிறது.

உதியன்குளங்கரையிலிருந்து அதே நெடுஞ்சாலையில் தெற்கே சில கிலோமீட்டர் சென்றால் களியக்காவிளை. ஓடும் அதுவே, மழையும் அதுவே. சட்டம் மட்டும் வேறு. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நகர்ப்புறங்களில் நடைமுறைப்படுத்தியது. 2021 ஜூன் 2 அன்று ஒன்றிய அமைச்சரவை ஏற்று மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டமும் இதே வார்ப்பில் ஆனது.

இவ்விரு சட்டங்களிலும் ஒரு முன்னேற்றம் உண்டு. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழுதுகளை இன்னார் பொறுப்பு என்று பட்டியலிட்டுப் பிரித்திருக்கிறார்கள். கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு சன்னல் வண்ணம், குழாய் மாற்றுதல், மின்கம்பி அமைப்பு ஆகியவை உரிமையாளரைச் சேர்ந்தவை. குழாய்த் திருகு, சுவிட்சு, சன்னல் கண்ணாடி, வடிகால் சுத்தம் போன்றவை குடியிருப்பவரைச் சேர்ந்தவை. உரிமையாளர் மறுத்தால் குடியிருப்பவர் செய்து கழித்துக்கொள்ளலாம். மாதிரிச் சட்டத்தின்படி ஒரு மாதத்தில் கழிக்கும் தொகை அம்மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. இவ்வளவு தெளிவு பழைய சட்டங்களில் இல்லை.

ஆனால் பட்டியலைக் கொடுத்த கையே தரையைப் பறித்துக்கொண்டது. வாடகை எவ்வளவு என்பது முழுவதும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. நியாய வாடகை என்னும் கருத்தே அகற்றப்பட்டுவிட்டது. காலம் முடிந்த பின்னும் தங்கினால் முதல் இரு மாதங்களுக்கு இரு மடங்கும், பின்னர் நான்கு மடங்கும் வாடகை செலுத்த வேண்டும் என்கிறது மாதிரிச் சட்டம். முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று கூறும் தமிழ்நாட்டுச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிடில் என்னும் சொற்களால் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே வெளியேற்றத்திற்கு ஒரு காரணமாக ஆக்கியிருக்கிறது. பல்லாண்டுகள் வாய்மொழியாகக் குடியிருந்தவர் காகிதம் இல்லாத ஒரே காரணத்தால் வீதிக்கு வர நேரிடும். பழுது நீக்கும் உரிமை பட்டியலில் இருக்கிறது. அதைக் கேட்பவர் ஒப்பந்தம் முடியும் மாதத்தை எண்ணிக்கொண்டு இருக்கிறார்.

இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். வாடகை ஏறாமல் உறைந்து நின்றால் பழுதுபார்க்கப் பணம் எங்கிருந்து வரும் என்று உரிமையாளர்கள் கேட்கிறார்கள். நீதிமன்றங்களும் இதே வழியில் சிந்தித்திருக்கின்றன. கேரளச் சட்டத்தின் நியாய வாடகைப் பிரிவுகளை 1995-இல் ஐசக் நைனான் வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் செல்லாதவை என்றது. பம்பாய்ச் சட்டத்தின் உறைந்த வாடகை காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று 1997 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கூறியது.

பம்பாயின் படிப்பினை உண்மையில் கசப்பானது. 1940 செப்டம்பர் அளவில் வாடகை உறைந்து நின்ற பழைய கட்டடங்களை உரிமையாளர்கள் கைவிட்டனர். 1969-இல் பழுதுபார்ப்பு வாரியம் ஒன்றை அரசு அமைத்து, அக்கட்டடங்கள்மீது தனித் தீர்வை விதித்து, அத்தொகையைக் கொண்டு அவற்றைப் பேண முயன்றது. தீர்வை போதவில்லை, மழைக்காலந்தோறும் கட்டடங்கள் சரிந்தன. 2017 ஆகஸ்ட் 31 அன்று பெண்டி பஜாரில் ஒரு கட்டடம் இடிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாடகையைக் கட்டுப்படுத்திவிட்டு, பழுதுபார்ப்பை யாருடைய செலவில், யார் செய்வது என்பதைத் தீர்க்காமல் விட்டதன் விலை அது. வாடகைக் கட்டுப்பாட்டைக் கைவிட வேண்டும் என்பது இதன் முடிவு ஆகாது. வாடகையையும் பழுதுபார்ப்பையும் ஒரே கணக்கில் வைக்காத கட்டுப்பாடு நிலைக்காது என்பதே முடிவு.

இந்த இரண்டையும் ஒரே கணக்கில் வைத்த முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1915-இல், உலகப் போரின் நடுவே, கிளாஸ்கோ நகர வீட்டு உரிமையாளர்கள் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு வந்து குவிந்த தொழிலாளர்களிடம் வாடகையை ஏற்றினர். கோவன் பகுதிப் பெண்கள் மேரி பார்பரின் தலைமையில் தெருத்தெருவாக அமைப்புக் கட்டினர். அவர்கள் செலுத்த மறுத்தது வாடகை உயர்வை. வெளியேற்ற வந்த அலுவலர்களை வாசலிலேயே மறித்தனர். நவம்பர் 17 அன்று வழக்குக்கு இழுக்கப்பட்ட தொழிலாளர்களுக்காக ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றத்தின் முன் திரண்டனர். அவ்வாண்டு முடிவதற்குள், போருக்கு முந்தைய அளவில் வாடகையை நிறுத்தும் சட்டத்தைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றியது. அச்சட்டத்தில் ஒரு நுட்பமான பகுப்பு இருந்தது. வீட்டை மேம்படுத்தவோ கட்டமைப்பை மாற்றவோ உரிமையாளர் செலவிட்டால், அச்செலவில் ஆண்டுக்கு 6 சதவீதம் வரை வாடகையில் கூட்டலாம். பழுதுபார்ப்புக்கும் அலங்காரத்திற்கும் செலவிட்டதைக் கூட்ட முடியாது. காரணம் எளிது: பழுதில்லாத வீட்டிற்கே வாடகை கொடுக்கப்படுகிறது; அதற்கு இரண்டாம் முறை விலை கேட்க இயலாது.

“மாசம் ஐந்நூறு கூட்டித் தந்தா” என்னும் உதியன்குளங்கரைப் பேரத்திற்கு நூறாண்டுக்கு முந்தைய விடை இதுதான். புதிதாக ஓர் அறை கட்டித் தந்தால் வாடகை உயர்வு பற்றிப் பேசலாம். உடைந்த ஓட்டை மாற்றுவது ஏற்கெனவே வாங்கிய வாடகைக்குள் அடங்கியது.

இதைக் கூறும்போது எதிரில் நிற்பவர் யார் என்பதிலும் தெளிவு வேண்டும். எல்லையோர ஊர்களில் வீட்டு உரிமையாளர் பெரும்பாலும் பெருமுதலாளி அல்லர். வளைகுடாவில் பல்லாண்டு உழைத்து இரண்டு சிறு வீடுகள் கட்டியவராக இருக்கலாம். கணவரை இழந்து, அந்த வாடகையிலேயே மருந்து வாங்கும் மூதாட்டியாகவும் இருக்கலாம். வீட்டு உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள உறவு முதலாளிக்கும் கூலித் தொழிலாளிக்கும் உள்ள உறவைப் போன்றதே என்று அன்றைய புரூதோனியர்கள் கூறியதை, 1872-இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய எங்கெல்ஸ் மறுத்தார். அந்த வேறுபாடு இங்கே பயன்படுகிறது. சிறு உரிமையாளரைப் பகைவராக்குவது நம் வேலை அன்று; அவருடைய சிறுமையைக் காட்டி, நூற்றுக்கணக்கான வீடுகளை வாடகைக்கு விடும் நிறுவனங்களுக்குச் சட்டத்தைத் தளர்த்தும் ஆட்சியாளர்களின் தந்திரத்தை அம்பலப்படுத்துவதே வேலை. ஓடு மாற்ற உண்மையிலேயே வழியில்லாதவருக்குக் கூட்டுறவு வங்கி வழியே குறைந்த வட்டியில் பழுதுபார்ப்புக் கடன் கிடைக்கச் செய்யலாம். கடன் பெறுபவர் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வெளியேற்றமோ அளவுமீறிய உயர்வோ செய்யக் கூடாது என்று நிபந்தனை வைக்கலாம். கூட்டுறவு இயக்கம் வேரூன்றிய கேரளத்தில் இது எட்டாத கனவு அன்று.

சட்டத்தில் கோர வேண்டியவை தெளிவானவை. வாடகைச் சட்டம் ஊராட்சி, நகராட்சி வேறுபாடின்றி எல்லா ஊர்களுக்கும் பொருந்த வேண்டும். கூரை, சுவர், கழிப்பறை, குடிநீர், மின்கம்பி ஆகியவற்றைச் சீராக வைப்பது உரிமையாளரின் கடமை என்றும், அக்கடமையை எந்த ஒப்பந்தத்தாலும் குடியிருப்பவர் தலையில் மாற்ற முடியாது என்றும் எழுதப்பட வேண்டும். வாடகை உயர்வுக்கு ஆண்டு வரம்பு வேண்டும். முறையிட்ட பழுது தீரும்வரை அந்த உயர்வும் நிற்க வேண்டும். அனைத்திலும் முதன்மையாக, பழுதைப் பற்றி எழுத்தில் முறையிட்டவரை அதன்பின் குறிப்பிட்ட காலத்திற்கு வெளியேற்ற முடியாது என்னும் பாதுகாப்பு தேவை. வாடகைச் சந்தையைத் தளர்த்திவிட்ட இங்கிலாந்தில்கூட, முறையீட்டின்பேரில் உள்ளாட்சி அமைப்பு ஆணை பிறப்பித்தால் ஆறு மாதங்களுக்குக் காரணமில்லா வெளியேற்ற அறிவிப்பு செல்லாது என்று 2015-இல் சட்டம் வந்தது. 1957-இல் ஆறு நாட்களில் வெளியேற்றத்தை நிறுத்திய மாநிலத்திற்கு இது பெரிய கோரிக்கையாகாது. மாதிரிச் சட்டத்தை அப்படியே ஏற்கச் சொல்லும் நிர்ப்பந்தத்திற்கு மாற்றாகக் கேரளம் முன்வைக்க வேண்டிய சட்டமும் இத்தகையதே.

சட்டம் வரும்வரை கிளைகள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. முதலில் ஓர் எச்சரிக்கை: கூரை ஒழுகுகிறது என்று கோபத்தில் வாடகையை நிறுத்திவிடக் கூடாது. வாடகை பாக்கி வெளியேற்றத்திற்கான முதற் காரணங்களுள் ஒன்று. நியாயம் நம் பக்கம் இருக்க, வழக்கு அவர் பக்கம் போய்விடும். கிளாஸ்கோப் பெண்கள் மறுத்தது உயர்வை மட்டுமே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ரசீது மறுக்கப்பட்டால் வாடகையைப் பணவிடையிலோ வங்கி வழியோ செலுத்தித் தடயம் வைத்துக்கொள்ள வேண்டும். பழுதைப் படமெடுத்து, நாளிட்ட கடிதமாக, அனுப்பியதற்குச் சான்று கிடைக்கும் வகையில் உரிமையாளருக்கு அனுப்ப வேண்டும். ஊர் வாடகைச் சட்டத்தின் வரம்பில் இருந்தால், பதில் வராத நிலையில் உரிய அதிகாரியிடம் விண்ணப்பித்து உத்தரவு பெற்ற பின்னரே செலவைக் கழிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அதைப் படித்துத் தமிழில் பொருள் சொல்லும் தோழர் ஒருவர் ஒவ்வொரு கிளையிலும் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய மாநாடுகள் வேண்டாம். மாதம் ஒரு மாலையும், வாசகசாலையில் ஒரு மேசையும் போதும்.

இதில் மிக முக்கியமானது, அந்த உரையாடலுக்குக் குடியிருப்பவர் தனியே போகாமல் இருப்பது. ஒரே உரிமையாளரின் நான்கு வீடுகளில் குடியிருப்போர் நான்கு வெவ்வேறு மாலைகளில் தனித்தனியே கேட்டால் நான்கு முறையும் ‘அக்ரிமெண்டு தீருத மாசம்’ என்ற பதிலே கிடைக்கும். நால்வரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு, ஊர் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்று கேட்டால் பதில் மாறக்கூடும். நால்வரையும் ஒரே மாதத்தில் வெளியேற்றி நான்கு வீடுகளையும் பூட்டி வைக்க எந்த உரிமையாளரும் விரும்பமாட்டார்.

குடிகிடப்புக்காரர்கள் 1970-இல் வேலி கட்டியபோது ஒவ்வொருவரும் தம் குடிசையைச் சுற்றியே கட்டினார்கள். ஆனால் எல்லோரும் ஒரே காலத்தில் கட்டினார்கள். அதனால்தான் அந்த வேலிகள் நின்றன. அடுத்த இடவப்பாதிக்கு முன் உதியன்குளங்கரையில் ஒரு கூரையாவது அவ்வாறு கூடிக் கேட்டதன் பயனாக மாற்றப்பட்டால், அது அந்த வரலாற்றின் தொடர்ச்சியாகவே இருக்கும்.